கல் சேவலிடம் போகக் கூடாது

அப்துல் லத்தீப் காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை கோழி அறுப்பார். நாலு மணியிலிருந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை கோழிக்கு வைத்தியம் பார்ப்பார். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் குளித்து, சட்டை மாற்றி, தொழுது, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்வார். காலையில் வருகிற கோழிகள் திரும்பிப் போவதில்லை. சாயங்காலம் வருகிற கோழிகள் எல்லாம் திரும்பிப் போகும். இந்த ஏற்பாட்டில் பேகம்பூரில் யாருக்கும் எந்தக் குழப்பமும் கிடையாது.

எனக்கு மட்டும் கொஞ்சம் உண்டு. அவர் கடையை ஒட்டியே என் ஜெராக்ஸ் கடை. பதினாலு வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். கோழியை எனக்குக் குழம்பில் பிடிக்கும். உயிரோடு இருக்கும்போது அதன் பார்வையே எனக்கு ஆகாது. ஆகவே நான் சொல்வதில் கோழிக்குச் சாதகமாக எதுவும் இருக்காது என்று நம்பிப் படிக்கலாம்.

வைத்தியம் தொடங்கியது அவர் மனைவி சர்புன்னிசாவால். வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடுகிற இடத்தில், அவர் நாலு நாட்டுக்கோழி வளர்த்தார். ஏழெட்டு வருடத்துக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில் செவலைக் கோழிக்கு அலகின் ஓரத்திலும் கண்ணுக்குக் கீழேயும் மிளகு மிளகாகக் கிளம்பியது. ஒரு வாரத்தில் மிளகு கொண்டைக்கடலை ஆனது. கோழி வாயைத் திறக்க முடியாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டது. லத்தீப் பாய் எட்டிப் பார்த்தார்.

“அம்மை. தேறாது. தூக்கிப் போட்டுரு.”

“முப்பது வருசமா கோழியோடயே இருக்கீங்க,” என்றார் சர்புன்னிசா. “ஒரு கோழியவாவது பொழைக்க வச்சிருக்கீங்களா?”

பாய்க்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாள் கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தார். அவர் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. கால்நடை ஆஸ்பத்திரியில் இரண்டு ஆட்டுக்கும் ஒரு கன்றுக்குட்டிக்கும் பின்னால் வரிசையில் நின்று, டாக்டர் சொன்னதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிவந்தார். அந்தச் சீட்டைப் பெரிதாக்கி லேமினேட் செய்து கொடுத்தது நான்தான். இன்றும் அவர் வீட்டுப் பின்வாசலில் தொங்குகிறது. மஞ்சள், சீரகம், வேப்பிலை மூன்றையும் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவ வேண்டும். பொருக்கைப் பிய்க்கக் கூடாது, தானாக விழ வேண்டும். மற்ற கோழிகளோடு சேர்க்கக் கூடாது. கொசு அண்டக் கூடாது, கொசுதான் இந்த நோயைக் கோழிக்குக் கோழி கொண்டுபோகிறது. கூழாகக் கரைத்து ஊட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே ‘பொறுமை’ என்று எழுதி டாக்டர் இரண்டு கோடு போட்டிருந்தார்.

வீட்டில் ஒரே ஒரு கொசுவலைதான் இருந்தது. அது கோழிக்குப் போனது. இருபது நாள் பாயைக் கொசு கடித்தது. இருபத்தோராம் நாள் பொருக்கு தானாக உதிர்ந்து, செவலை எழுந்து ஒரு கரப்பானைத் துரத்தியது. சர்புன்னிசா அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்தார்.

அதிலிருந்து ஒயர் கூடையிலும் சாக்கிலும் பள்ளிக்கூடப் பையிலும் கோழிகள் வரத் தொடங்கின. டவுன் கோழிகளுக்கு வருகிற நோவு தனி தினுசு. சீவிப் போட்ட தலைமுடி கால்விரலைச் சுற்றி இறுக்கி, விரல் கறுத்துப்போய் வரும். மொட்டை மாடியில் வளர்கிறது சிமெண்டுத் தரையில் குதித்துக் குதித்து, உள்ளங்காலில் ஆணி கட்டி நொண்டிக்கொண்டு வரும். ஒன்றை ஒன்று கொத்தி முதுகுத் தோல் கிழிந்து வரும். காயத்தைவிடச் சிவப்பு நிறம்தான் ஆபத்து என்பார் பாய். சிவப்பைக் கண்டால் மற்றதெல்லாம் வந்து அதே இடத்தில் கொத்துமாம். அதனால் மஞ்சள் வைத்து, அதற்கு மேல் அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்துக் கறுப்பாகப் பூசி அனுப்புவார். எங்கள் தெருவில் பாதிக் கோழிகள் தார் ரோட்டில் விழுந்து எழுந்தவை போலத்தான் திரியும்.

அலகு வளர்ந்துபோன கோழி வந்தால் பாய்க்கு உள்ளூரச் சந்தோஷம். மண்ணைக் கிளறாமல் தட்டில் போட்டதைத் தின்றே வளர்கிற கோழிக்கு மேலலகு தேய வழியில்லாமல் வளைந்து இறங்கிவிடும். பாய் அதைப் பழைய கைலித் துணியில் சுற்றி, கண்ணை மறைத்து மடியில் வைப்பார். அலகுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடிப்பார். வெளிச்சம் ஊடுருவுகிற இடம் நகம் மாதிரி, வெட்டலாம். இருட்டாகத் தெரிகிற இடத்தில் ரத்தம் ஓடுகிறது, அங்கே போகக் கூடாது. நகவெட்டியால் இம்மி இம்மியாக எடுத்து, கடைசியில் சின்ன அரத்தால் ராவிவிடுவார். எனக்கு முடி வெட்டுகிறவர் என் தலையில் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

இதற்கெல்லாம் காசு வாங்க மாட்டார். ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். தான் கை வைத்து வைத்தியம் பார்த்த கோழியை அறுக்க மாட்டார். ஒருமுறை அழகுராஜா என்று ஒரு எலக்ட்ரீஷியன் கால் ஆணிக்கு மருந்து வைத்துக்கொண்டு போன பெட்டைக்கோழியை, மூன்று வாரம் கழித்து மச்சான் வந்திருக்கிறார் என்று காலையில் கொண்டுவந்து நீட்டினார். பாய் அதன் காலைத் திருப்பிப் பார்த்தார். “ஆறிருச்சு,” என்றார். பிறகு அதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அழகுராஜா வேறு கடைக்குப் போனார். அதற்குப் பிறகு பாய் வீட்டில் மோட்டார் பழுதானபோது பாயும் வேறு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

போன வருடம் தை மாதக் கடைசியில் ஜக்கம்மாள் வந்தார். செம்பட்டி தாண்டி உள்ளே ஒரு ஊர், சொந்தமாக மல்லிகைத் தோட்டம். காலையில் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் பூப் போட்டுவிட்டு நேரே இங்கே பஸ் ஏறியிருந்தார். பூக்கூடைக்குள் ஒரு சேவல். கூடவே மகள் தமிழ்மதி, அவள் இடுப்பில் ஒரு வயதுப் பையன் ரோஹித்.

சேவல் கறுப்பும் சிவப்புமாக மின்னியது. ஒரு இறகு கலைந்திருக்கவில்லை, கொண்டையில் ஒரு கீறல் இல்லை. காலில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. முகம் மட்டும்தான் சரியில்லை. மேலலகு கிளி மூக்கு மாதிரி வளைந்து, கீழலகைத் தாண்டி, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. வாயோரம் புண். பாய் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். எலும்பு துருத்தியது.

“எத்தன நாளா திங்கல?”

“அஞ்சு நாளாச்சு பாய். முந்தி ஊட்டுனா முழுங்கும். இப்ப அதுவும் முடியல.”

பாய் நகவெட்டியை எடுத்தார். ஜக்கம்மாள் குறுக்கே கையை நீட்டினார்.

“வெட்டக் கூடாது பாய். இது கருப்பணசாமிக்கு நேந்து விட்டது.”

அவர் சொன்ன கதை இதுதான். ரோஹித் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர்கள் சொன்ன அன்றைக்கு ஜக்கம்மாள் வீட்டில் கோழி குஞ்சு பொரித்திருந்தது. அதில் ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, பேரன் பிழைத்து வந்தால் இதே குஞ்சை வளர்த்துச் சேவலாகத் தருகிறேன் என்று குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டார். பெட்டையாகப் போயிருந்தால் என்ன செய்வதாக இருந்தார் என்று நான் கேட்கவில்லை. பேரன் பிழைத்தான், குஞ்சும் சேவலானது.

சாமிக்குப் போகிற சேவலில் பின்னம் இருக்கக் கூடாது. நகம் ஒடிந்திருக்கக் கூடாது, கொண்டை கிழிந்திருக்கக் கூடாது, உடம்பில் ஒரு குறை கூடாது. ஜக்கம்மாள் அதற்கு வழி செய்திருந்தார்.

“நாய் கடிச்சுருமோ, சண்ட போட்டுக் கொண்ட கிழிஞ்சுருமோன்னு கூண்ட விட்டு எறக்கவே இல்ல பாய். வைக்கோல் மெத்த. கொழையக் கொழையச் சோறு, கம்பங்கூழு. அது காலு தரையில பட்டதில்ல.”

“அதான் மூக்கு வளந்துருச்சு,” என்றார் பாய். “தரையில விட்டு மண்ணக் கிளற விட்டிருந்தா தன்னால தேஞ்சிருக்கும்மா. குறை வரக் கூடாதுன்னு வச்சதுலதான் குறை வந்துருக்கு.”

ஜக்கம்மாளுக்கு முகம் செத்துப்போனது. “சாமி கும்பிடு மாசி சிவராத்திரிக்கு மறுநாளு பாய். இன்னும் இருவத்திரெண்டு நாளு இருக்கு. அதுக்குள்ள இது செத்தாலும் போச்சு, மூக்க வெட்டிப் பின்னமானாலும் போச்சு. வேற சேவல் செல்லாது. இதத்தான் காட்டிச் சொன்னேன்.” பேரனைப் பார்த்தார். “இவன் இன்னைக்கு வரைக்கும் வாய்விட்டு அழுததில்ல. விழுந்தாலும் அழமாட்டான். ஊசி போட்டா ஊசியப் பாத்துக்கிட்டே இருக்கான். ஒண்ணுமில்லங்கிறாரு டாக்டரு. எனக்கென்னமோ சாமி இவன இன்னும் முழுசா எங்க கையில குடுக்கலன்னுதான் தோணுது. நேத்திய முடிச்சாத்தான் குடுக்கும்.”

தமிழ்மதி பையனை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். ரோஹித் என்னை முறைத்துக்கொண்டிருந்தான். கோழியின் பார்வையைவிட அது மேல்.

பாய் யோசித்தார். வைத்தியம் பார்த்தால் சேவல் பிழைக்கும், பிழைத்தால் வெட்டுவார்கள். பார்க்காவிட்டால் தானாகவே சாகும். அவருடைய கட்டுப்பாட்டில் இதற்கு இடம் இல்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் சர்புன்னிசா வந்து ரோஹித்தின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, சேவலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்து பூசாரியிடம் கேட்க வேண்டியிருந்தது. உடையப்பன் என்பவர்தான் அந்தக் கோயிலுக்குப் பூசாரி. மற்ற நாளில் டிராக்டர் ஓட்டுவார். போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். பின்னணியில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“வெட்டுனா பின்னம்தான்,” என்றார் உடையப்பன்.

“தேஞ்சா?” என்றார் பாய்.

“தேஞ்சா பின்னமில்ல. எனக்குந்தான் பல்லு தேஞ்சுபோச்சு. நான் பூச பண்ணலையா?”

“அப்ப அரத்த வச்சுத் தேச்சுரலாமா?”

டிராக்டர் நின்றது. “அது இரும்புல்ல. இரும்பு பட்டா வெட்டுன மாதிரிதான்.”

“கல்லு?”

லைன் போய்விட்டதோ என்று நான் போனைப் பார்த்தேன்.

“கல்லு சரி,” என்றார் உடையப்பன். “ஆனா கல்லு சேவலுகிட்டப் போகக் கூடாது பாய். சேவலுதான் கல்லுகிட்டப் போகணும். அன்னைக்கு நீங்களே நேர்ல வந்து இத சாமி முன்னாடி சொல்லணும்.”

பாய் தலையை ஆட்டினார். ஜமாஅத்தில் நல்ல தீர்ப்புச் சொன்னால் அவர் இப்படித்தான் ஆட்டுவார்.

ஜக்கம்மாள் சேவலை விட்டுவிட்டுப் போனார். சர்புன்னிசா பழைய ஆட்டுக்கல்லில் உடைந்த ஒரு பாதியைத் தேடி எடுத்தார். பாய் அதை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, சேவலின் மூக்குக்கு நேராக வருகிற உயரத்தில் சாய்த்து வைத்தார். கம்பை அரைத்துக் கெட்டியாக அதன் மேல் அப்பிக் காயவிடுவது, அதைச் சேவல் அலகின் ஓரத்தால் சுரண்டித் தின்பது, சுரண்டச் சுரண்ட அலகு தேய்வது. இதுதான் திட்டம்.

சேவலுக்கு இந்தத் திட்டம் பிடிபடவில்லை. முதல் ஐந்து நாள் கூழைத் தண்ணீராகக் கரைத்து, சொட்டுச் சொட்டாக ஊட்டித்தான் உயிரைப் பிடித்து வைத்தார்கள். காலையும் மாலையும் வெதுவெதுப்பான மஞ்சள் தண்ணீரைச் சொம்பில் எடுத்து முகத்தில் தெளித்து விடுவார் பாய். வாயோரப் புண்ணுக்கு அது மருந்து, அலகும் கொஞ்சம் ஊறிக்கொடுக்கும். முதல் நாள் தெளித்தபோது சேவல் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. பாயின் கண்ணாடி மஞ்சள் ஆனது. என் வெள்ளைச் சட்டையும் ஆனது. அது இன்னும் போகவில்லை.

தண்ணீர் தெளித்த கையோடு கூழ் ஊட்டுவார்கள். ஒரு வாரத்தில் சேவல் சிலுப்புவதை விட்டுவிட்டது. இரண்டாம் வாரத்தில் சொம்புச் சத்தம் கேட்டாலே கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து நின்றது. சர்புன்னிசா அதை “மாப்ள” என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். உபசாரம் மட்டும் நடக்கிறது, வேலை ஒன்றும் இல்லை என்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஆறாம் நாளிலிருந்து கல்லைச் சுரண்டத் தொடங்கியது. பாய் தினமும் அதைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து என்னிடம் பிரிண்ட் போடச் சொன்னார். பாஸ்போர்ட் சைஸ். அதை வரிசையாகச் சுவரில் ஒட்டி வைத்து, அலகு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து பார்ப்பார். ஆதார் திருத்தத்துக்கு என் கடைக்கு வருகிறவர்கள்கூட இத்தனை போட்டோ எடுத்ததில்லை.

ஒருநாள் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “பாய், இதுவும் நீங்க கை வச்சுப் பாத்ததுதான?”

“நான் அறுக்கப் போறதில்ல.”

“அறுக்கிறதுக்குத்தான தேத்துறீங்க?”

“மிக்கேலு,” என்றார் பாய், “ஒங்கடையில ஆளு நிக்குது. போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தேன். யாரும் நிற்கவில்லை.

இருபதாம் நாள் அலகு ஒழுங்காகி, மேலும் கீழும் பொருந்திவிட்டது. சேவல் சிந்தின கம்பை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கித் தின்றது. அன்று சாயங்காலம் பாய் அதை மடியில் வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கட்டைவிரல் அதன் கொண்டையைத் தடவிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு நகக்கீறல் போதும், பின்னமாகிவிடும், சாமி வேண்டாம் என்றுவிடும். எனக்கே அது தோன்றியபோது அவருக்குத் தோன்றாமல் இருக்காது. விரல் ஒரு இடத்தில் நின்றது. பிறகு சேவலைக் கீழே இறக்கிவிட்டார்.

“அந்தப் புள்ள இருக்குல்ல,” என்றார், யாரும் ஒன்றும் கேட்காமலே.

கும்பிடு அன்றைக்கு என் ஆம்னி வேனில் போனோம். சர்புன்னிசா வர மறுத்துவிட்டார். சேவலுக்கு ஒரு கிண்ணம் கூழ் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது. வண்டி செம்பட்டி தாண்டும் வரை பாய் சேவலை மடியிலேயே வைத்திருந்தார். நான் கோழி வாடை என்று சொல்லி ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

கோயில் என்று கட்டடம் எதுவும் இல்லை. ஒரு புளியமரம், அதன் கீழே அரிவாளோடு கருப்பணசாமி, முன்னால் ஒரு பலிக்கல். ஐம்பது அறுபது பங்காளிகள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். உடையப்பன் படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேவலை வாங்கினார். கொண்டை பார்த்தார், நகத்தை ஒவ்வொன்றாக எண்ணினார், அலகை விரலால் தடவினார்.

“சொல்லுங்க பாய்.”

பாய் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனார். “இரும்பு படல. கல்லு அதுகிட்டப் போகல. அதுதான் கல்லுகிட்டப் போச்சு.”

“சாமி கேட்டுக்கிருச்சு,” என்றார் உடையப்பன்.

இனி ஒன்றுதான் பாக்கி. எங்கள் பக்கத்தில் ஆடோ சேவலோ வெட்டுவதற்கு முன்னால் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று உத்தரவு. சிலுப்பாமல் வெட்ட மாட்டார்கள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும். இருபத்திரண்டு நாளில் ஒரு நிமிடம்கூட எங்கள் இருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

உடையப்பன் சேவலை இடது கையில் ஏந்தியபடியே சொம்பை எடுத்தார். சொம்புச் சத்தம் கேட்டதும் சேவல் கண்ணை மூடிக்கொண்டது.

தண்ணீர் தெளித்தார். சேவல் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து நின்றது.

இரண்டாம் தரம் தெளித்தார். இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. மூன்றாம் தரம் சொம்பில் இருந்ததை அப்படியே தலையில் ஊற்றினார். முழுக்க நனைந்து, வாயைத் திறந்தபடியே நின்று பார்த்துவிட்டு, கூழ் வராததால் ஒரு கண்ணைத் திறந்து பாயைத் தேடியது.

பொங்கல் பொங்கி வழிவதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. ஜக்கம்மாள் பேரனை மகள் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். “ஏத்துக்கிடலையே,” என்றார். “ஏன் ஏத்துக்கிடல? நான் என்ன கொற வச்சேன்?”

பேசாமல் இருந்தால் போதும், சேவல் பிழைத்துவிடும். நான் பாயின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

“எம்மா, இது சாமி சொன்னதில்ல,” என்றார். “நான் பழக்குனது. மூக்குப் புண்ணுக்குத் தெனம் ரெண்டு வேள மஞ்சத் தண்ணி தெளிச்சேன். தெளிச்சதும் கூழு குடுத்தேன். இப்பவும் கூழுக்குத்தான் நிக்குது. நீங்க புள்ளய நெனச்சுப் பயப்படாதீங்க. தப்பு எம்மேல.”

ஒருவர் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்றார். சர்பத் வண்டிக்காரர் ஐஸ் இருக்கிறது என்றார். உடையப்பன் இருவரையும் கையமர்த்திவிட்டு ஜக்கம்மாளைப் பார்த்தார்.

ஜக்கம்மாள் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “தெனமுமா தெளிச்சீங்க? அதுக்கு நோகலையா?”

“மொத ஒரு வாரம் நொந்துச்சு. சிலுப்புச்சு, கொத்துச்சு. அப்பறம் பழகிருச்சும்மா. எரிஞ்சாலும் பின்னாடியே சாப்பாடு வரும்னு தெரிஞ்சுபோச்சு. சும்மா நிக்கும்.”

அப்போதுதான் தமிழ்மதி வாயைத் திறந்தாள். அவள் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

“பெட்டியில இவனுக்கும் அப்படித்தாம்மா,” என்றாள். “தெனம் நாலு தடவ வந்து குத்துவாங்க. குத்தி முடிச்சப்பறம்தான் பாலு. மொதல்ல கத்துவான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாப்பேன். பத்து நாளைக்கப்பறம் கத்தல.”

ஜக்கம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மடியில் இருந்த ரோஹித் பாட்டியின் மூக்குத்தியை நோண்டிக்கொண்டிருந்தான்.

“அப்ப இவனுக்கு ஒண்ணும் கொற இல்லையா?” என்று கேட்டார். பூசாரியைக் கேட்டாரா, பாயைக் கேட்டாரா, சாமியைக் கேட்டாரா தெரியாது.

“ஒண்ணுமில்லம்மா,” என்றார் பாய். “பழகிருச்சு. அம்புட்டுத்தான்.”

ஜக்கம்மாள் வெகுநேரம் பேரன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, சேவலின் காலில் இருந்த மஞ்சள் கயிற்றை அவரே அவிழ்த்தார். “சாமி பேர்லயே விட்டுர்றேன் பூசாரி.”

“விடலாம்,” என்றார் உடையப்பன். “விட்டது சாமிக்குச் சேந்தாச்சு. இனிமே அத ஒருத்தரும் அறுக்கக் கூடாது.” சேவலைக் கீழே விட்டார்.

பிறந்ததிலிருந்து வைக்கோலையும் பாய் வீட்டுச் சிமெண்டுத் தரையையும் தவிர வேறெதையும் மிதிக்காத சேவல், மண்ணில் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தது. சுற்றிலும் பார்த்தது. நேராகப் பலிக்கல்லுக்கு நடந்து போய், அலகை இந்தப் பக்கம் ஒரு தேய்ப்பும் அந்தப் பக்கம் ஒரு தேய்ப்பும் தேய்த்தது.

“நாஞ்சொன்னேன்ல,” என்றார் உடையப்பன். “சேவலுதான் கல்லுகிட்டப் போகணும்.”

அதன் பிறகு ஜக்கம்மாள் அதைக் கூண்டில் அடைக்கவில்லை. சித்திரை மாதம் ஒருநாள் சாயங்காலம் அலகைக் காட்டிவிட்டுப் போக வந்தார். கூடையைத் திறந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. கொண்டை இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. ஒரு நகம் இல்லை. வாலில் பாதியை யாரோ பிடுங்கியிருந்தார்கள். அலகு மட்டும் அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது.

“தோட்டத்துல ஒரு சேவல விடமாட்டேங்குது பாய். அம்புட்டோடயும் சண்ட,” என்றார் ஜக்கம்மாள், பெருமையாக.

சர்புன்னிசா “மாப்ள” என்று ஓடிவந்தார். மாப்பிள்ளை அவரைக் கண்டுகொள்ளவில்லை. ரோஹித் அப்போது தளர்நடை போடத் தொடங்கியிருந்தான். கையில் ஒரு பிஸ்கட்டோடு சேவலுக்கு முன்னால் போய் நின்றான். சேவல் பிஸ்கட்டைக் கொத்தியது. பாதி பிஸ்கட்டும், கொஞ்சம் விரலும்.

ரோஹித் வழக்கம்போல விரலைப் பார்த்தான். சேவலைப் பார்த்தான். மறுபடி விரலைப் பார்த்தான். ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது. அவன் உதடு பிதுங்கியது. பிறகு வாயைத் திறந்து ஒரு கத்துக் கத்தினான் பாருங்கள், என் கடையில் நின்றுகொண்டிருந்த மூன்று பேரும் திரும்பினார்கள்.

சர்புன்னிசா தூக்கப் போனார். “இருங்கம்மா,” என்று ஜக்கம்மாள் தடுத்தார். “செத்த நேரம் அழட்டும்.” சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அவரும் அழுதுகொண்டிருந்தார்.

பாய் உள்ளே போய்ச் சொம்பையும் மஞ்சளையும் கொண்டுவந்தார். பையன் முன்னால் குந்தி உட்கார்ந்து, விரலைப் பிடித்து, மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். எரிந்திருக்க வேண்டும். ரோஹித் தலை முதல் கால் வரை உதறி, கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, முன்னைவிட உரக்கக் கத்தினான். பாயின் கண்ணாடியெல்லாம் மஞ்சள்.

பாய் கண்ணாடியைக் கழற்றிக் கைலியில் துடைத்தார்.

“நல்லாச் சிலுப்புறாம்மா,” என்றார்.